கோட்டை அடுப்பில் ஒரு டம்ளர் காபி

கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் அண்டாவை அதன் மேல் ஏற்றி, ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்க வைப்பார்கள். கல்யாணம் முடிந்து, பந்தலைப் பிரித்து, சம்பந்திகளும் ரயிலேறிய பிறகு, "எனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி" என்று மாமா கேட்கிறார். அதற்காகக் கோட்டை அடுப்பையா மூட்டுவீர்கள்? ஒரு டம்ளர் காபிக்கு அரை வண்டி விறகு என்றால், கேட்ட மாமாவுக்கே தொண்டையில் இறங்காது.

லட்சத்திலோ கோடியிலோ பணத்தைக் கொட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகிறாரே ஒருவர், அவர் செய்வது அச்சாக இந்தக் காரியம்தான்.

"அந்தக் கார் ஏன் அப்படிப் பெட்ரோல் குடிக்கிறது? வேகமாகப் போவதால்தானே?" என்று சாதாரணமாக எல்லோரும் கேட்கிறார்கள். வேகமும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு வேலை செய்யாமல் ஸ்போர்ட்ஸ் கார் ஏமாற்றுவது, அது பறக்கும்போது அல்ல, சாதுவாகப் போகும்போதுதான். ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? இந்த ஆச்சரியத்தைப் புரிந்துகொள்ள மரக்காணத்தைவிடத் தோதான இடம் கிடையாது. ஏனென்றால் அங்கே இரண்டு விதமான எஞ்சின்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சென்னையிலிருந்து புறப்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் எல்லாம் தாண்டிச் சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம். காக்கிநாடா பக்கத்தில் தொடங்குகிற பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இதுதான் தெற்குக் கோடி. ஒரு காலத்தில் உப்பும் விறகும் அந்தக் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயின. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. இழுத்தவர்களின் தோள்தான் எஞ்சின்.

இப்போது சாலையோரம் பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளைப் பாருங்கள். கண்ணாடி பதித்ததுபோல் தண்ணீர். அப்பால் கீற்றுப் போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். விடியுமுன்பே வந்து உப்பு வாரும் பெண்கள், வெயில் ஏறுவதற்குள் கூடை கூடையாகச் சுமந்து கரையேற்றிவிடுகிறார்கள். அந்த உப்பு விளைவதற்கு முதலில் தண்ணீர் வேண்டும். 1 லிட்டர் கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 35 லிட்டருக்கு ஒரு சொட்டும் குறையாது.

உப்பளத் தொழிலில் மின்சாரக் கம்பி எட்டாத இடங்களில் இந்தத் தண்ணீரை இறைத்துக் கொடுப்பது ஆயில் எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், பக்கத்தில் கனமான இரும்புச் சக்கரம், ஐந்து முதல் பத்துக் குதிரைச் சக்தி. இந்த ஜாதிக்கு மூதாதை இங்கிலாந்தில் பிறந்த லிஸ்டர் எஞ்சின். அதில் பேர்பெற்ற ஒன்று நிமிஷத்துக்கு 650 சுற்றுச் சுற்றி 6 குதிரைச் சக்தி கொடுக்கும். ராஜ்கோட்டில் அதைப் பார்த்து வார்த்த எஞ்சின்கள் இந்தியாவெங்கும் கிணற்றடிகளில் 'டப்... டப்...' என்று பேசின. அழகும் கிடையாது, அவசரமும் கிடையாது. அதன் வேகத்தை ஒரே நிலையில் பார்த்துக்கொள்ள ஒரு கவர்னர் உண்டு. கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள்தான். வேகம் கூடினால் அவை விரிந்து டீசலைக் குறைக்கும். குறைந்தால் சுருங்கி டீசலைக் கூட்டும்.

இப்போது குடும்பக் கணக்குப்போல் ஒரு கணக்குப் பார்ப்போம். எரிபொருளுக்கு ஒரு ரூபாய் செலவழித்தால், அதில் எத்தனை பைசா உண்மையான வேலையாகத் திரும்பி வருகிறது? நல்ல நிலையில் இருக்கும் டீசல் பம்ப் எஞ்சின், அதற்கேற்ற சுமையை இழுக்கும்போது, சுமார் 25 முதல் 30 பைசாவைத் திருப்பிக் கொடுக்கும். பாக்கி எல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் மூச்சுப் பிடித்து முழு வேலை செய்யும்போது 30, 35 பைசாகூடக் கொடுக்கும். ஆகவே அதைச் செய்தவர்கள் அசடுகள் அல்ல. ஆனால் அதே எஞ்சின் நகரத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது 10, 15 பைசாவுக்கு இறங்கிவிடும். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போதோ, வரவு பூஜ்யம். செலவு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சமதரையில் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை ஓட்டிச் செல்ல எவ்வளவு சக்தி வேண்டுமென்று நினைக்கிறீர்கள்? சுமார் 15 குதிரைச் சக்தி போதும். உப்பளத்து எஞ்சின் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டினால் கார் புதுச்சேரி போய்ச் சேர்ந்துவிடும்! ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் பூட்டியிருப்பது 300, 400 குதிரை. அவற்றில் பதினைந்துக்கு மட்டும் வேலை. மற்றவை ஜட்கா ஸ்டாண்டில் நிற்கும் குதிரைகளைப் போல் கொள்ளு தின்றுகொண்டு சும்மா வருகின்றன.

சும்மா வருவதற்குத் தீனி எதற்கு? இங்கேதான் எஞ்சினின் உள் சமாசாரம் இருக்கிறது.

இளநீரில் உறிஞ்சு குழாய் போட்டுக் குடிக்கிறீர்கள். குடிக்கும்போதே குழாயை விரலால் நசுக்கிப் பாருங்கள். கன்னம் குழிந்துவிடும், கண் பிதுங்கும். வாய்க்கு வருவதோ நாலு சொட்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் த்ராட்டில் என்று ஒரு சிறிய கதவு இருக்கிறது. காலால் அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கார் மெதுவாகப் போகவேண்டுமானால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே பிஸ்டன்கள் மூச்சு இழுக்கத் திண்டாடும். அந்தத் திண்டாட்டத்துக்கும் பெட்ரோல்தான் செலவு. எட்டுச் சிலிண்டர் இருந்தால், எட்டும் நசுங்கிய குழாயில் இளநீர் குடிக்கின்றன. அதோடு எட்டுப் பிஸ்டன்கள், பதினாறோ முப்பத்திரண்டோ வால்வுகள், இவற்றின் உராய்வு வேறு. பிரயாணம் செய்கிறவர் ஒருவர். உள்ளே ஓடுகிற சம்பந்திக் கூட்டம் இவ்வளவு.

டீசல் எஞ்சினில் இந்தக் கதவுத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அது எப்போதும் நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கும். வேலைக்குத் தகுந்தாற்போல் டீசலை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். உப்பளத்து எஞ்சினுக்கு இன்னொரு பாக்கியம்: காலையிலிருந்து மாலைவரை ஒரே வேகம், ஒரே சுமை. சிவப்பு விளக்கு இல்லை. குறுக்கே ஆட்டோ இல்லை. இந்த ஒரே வேலைக்காக அளந்து தைத்த சட்டை அது.

உப்புக்கும் வண்டிக்கும் உள்ள உறவு நம் ஊரில் இன்று நேற்று வந்ததல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அக்காலத்தில் உப்பு வாணிகம் செய்த உமணர்கள் மாட்டு வண்டிகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டுக்குப் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? அதற்காக வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஒளவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கே ஒப்பிடுகிறார். ஆபத்துக்கு உதவுகிற பிள்ளை என்று அர்த்தம். இதைவிட நல்ல உவமையை ஒரு மோட்டார் எஞ்சினீயர்கூடச் சொல்ல முடியாது!

ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் 300 குதிரையும் ஒரு சேம அச்சுதான். லாரியை முந்த வேண்டும், மேட்டில் பாய வேண்டும் என்று சமயம் வந்தால் உதவும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். உமணர் வண்டியின் சேம அச்சு சும்மா தொங்கிக்கொண்டு வரும். அதைச் சுமக்கிற பாரம் ஒன்றுதான் மாட்டுக்கு நஷ்டம். காரின் சேம அச்சோ எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுவதற்குத் தீனியும் கேட்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்கள் சிக்கனத்துக்காக எத்தனையோ வித்தைகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை, சுற்றுகிற சேம அச்சைத் தொங்குகிற சேம அச்சாக மாற்றும் முயற்சிகளே.

அதைச் சொல்வதற்கு முன், ஒரு சாதாரணக் குடும்ப எஞ்சினை ஸ்போர்ட்ஸ் எஞ்சின் ஆக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அந்தக் கதையில் நம் வண்டலூருக்கும் பங்கு உண்டு.

வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. உங்களில் பலருடைய தாத்தா வீட்டில் அது நின்றிருக்கும். அல்லது டாக்டர் வந்து இறங்கிய காராகவாவது ஞாபகம் இருக்கும். 948 சி.சி. எஞ்சின், சுமார் 35 குதிரைச் சக்தி, பரம சாது. அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதே எஞ்சின் குடும்பத்தில் 1,147 சி.சி. உள்ளதைப் போட்டு, இங்கிலாந்தில் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அதற்கு 63 குதிரைச் சக்தி. எஞ்சின் வளர்ந்தது கால் பங்குக்குக் கீழே. சக்தியோ ஏறக்குறைய இரட்டிப்பு! பக்கத்து வீட்டுப் பெண் சினிமாவில் சேர்ந்ததுபோல் ஆகிவிட்டது.

என்ன மந்திரம் செய்தார்கள்? ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு வைத்தார்கள். மூச்சு நன்றாக ஓடும். எரிவதற்கு முன் கலவையை இன்னும் இறுக்கமாக அமுக்கினார்கள். தீபாவளி மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தினால் 'புஸ்' என்று போய்விடும். அதையே சணல் கயிறு சுற்றி இறுக்கிக் கட்டினால் அணுகுண்டு வெடி. எஞ்சினிலும் அப்படியே. அமுக்கம் கூடினால் அதே பெட்ரோலில் வேலை அதிகம் கிடைக்கும். சக்தியும் சிக்கனமும் கைகோத்துப் போகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் அளவு மீறினால் கலவை நேரம் தவறி வெடிக்கும். எஞ்சின் கதவைத் தட்டுவதுபோல் 'டக்டக்' என்று சத்தம் போடும். அதைத் தாங்கத்தான் ஆக்டேன் உயர்ந்த பெட்ரோல். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் கம்பெனி 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. உங்கள் வீட்டுச் சிறிய காருக்கு அதைப் போட்டால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்துக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். அமுக்கம் குறைந்த எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேனால் ஒரு லாபமும் இல்லை.

இன்னொரு மந்திரம் வால்வுகளில் இருக்கிறது. அந்தக் கால வீடுகளில் வாசல் கதவைத் திறந்தால் ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லைக் கதவுவரை ஒரே நேர்கோடு. இரண்டையும் திறந்து வைத்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஸ்போர்ட்ஸ் எஞ்சினில் புதுக் கலவை நுழையும் வால்வும் புகை போகும் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும்படி வைப்பார்கள். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும்போது இது பிரமாதமாக வேலை செய்யும். நிதானமாகப் போகும்போதோ, வாசலில் வந்த விருந்தாளி உட்காராமலே கொல்லைப் பக்கம் போய்விடுவார். எரியாத பெட்ரோல் அப்படியே புகைக் குழாய் வழியாகத் தப்பிவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நிற்கும்போது குதித்துக் குதித்து உறுமுவதும், பின்னால் பெட்ரோல் நெடி அடிப்பதும் இதனால்தான். இளைஞர்கள் அதை இசை என்கிறார்கள், இருக்கட்டும். 1989-இல் ஹோண்டா கம்பெனியார், மெதுவாகப் போக ஒரு தாளம், வேகமாகப் போக வேறொரு தாளம் என்று வால்வுகள் தாமே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு, சாதுவும் முரடும் ஒரே எஞ்சினில் குடித்தனம் செய்யத் தொடங்கினார்கள்.

சேம அச்சைத் தொங்க விடுவதில் தைரியமாக இறங்கியவர்கள் அமெரிக்காவில் கார்வெட் காரைச் செய்கிறவர்கள். 2014-ஆம் வருஷத்து மாடலில் 6.2 லிட்டர் எஞ்சின், எட்டுச் சிலிண்டர், 455 குதிரைச் சக்தி. அதாவது நமது மாருதி 800 எஞ்சினைப் போல் ஏழெட்டு மடங்கு பெரியது. சாலை சமமாக இருந்து, அதிக வேலை இல்லாதபோது, நாலு சிலிண்டர்களின் வால்வுகளை மூடி அவற்றைத் தூங்க வைத்துவிடுகிறார்கள். பாக்கி நாலு சிலிண்டர்களும் கதவை நன்றாகத் திறந்துகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, இருவருக்குமான வேலையைச் செய்கின்றன. கோட்டை அடுப்பின் பாதியை மண் போட்டு மூடியாகிவிட்டது! கடைசி கியரையும் நீளமாக வைத்து, எஞ்சின் சோம்பலாகச் சுற்றினாலே கார் வேகமாக ஓடும்படி செய்தார்கள். அமெரிக்க அரசாங்கச் சோதனையில் நெடுஞ்சாலைக்குக் கிடைத்த கணக்கு, அவர்கள் காலனுக்கு 29 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் 17 மைல். அதாவது லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான். ஒரே கார், ஒரே எஞ்சின். வித்தியாசம் முழுவதும் நின்று நின்று போவதில் வந்தது.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 12 லிட்டர். இரண்டாவது கணக்கில் 21 லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை எட்டியது 2021-இல். அந்த ஒன்பது லிட்டர் வித்தியாசம் மாசச் சாமான் ஜாபிதாவில் பாதிப் பக்கம் வரும்.

ஜெர்மனியில் போர்ஷே கம்பெனியார் வேறு வழியில் போனார்கள். 2016-இல் தங்களுடைய சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் வைத்து, டர்போ என்ற ஊதுகுழலைப் பொருத்தினார்கள். ஆம், அடுப்பில் ஊதுவோமே அதே வேலைதான். வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றி உள்ளே காற்றைத் திணிப்பார்கள். சிறிய அடுப்பு, பெரிய ஜ்வாலை. காகிதத்தில் சிக்கனம்தான். ஆனால் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். "சத்தம் நன்றாக இல்லை" என்பது முக்கியமான புகார்! 2020-இல் நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் ஒரு மாடல் திரும்பி வந்தது. அதிலும் பாதிச் சிலிண்டர்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு சேர்ந்தே வந்தது. நாக்குக்கும் ரசம் வேண்டும், வயிற்றுக்கும் இதமாக இருக்க வேண்டும் என்கிற சமாசாரம்தான். இந்த ஊதுகுழலில் ஒரு சூட்சுமம் உண்டு. மெதுவாகப் போனால் சிறிய எஞ்சின், சிறிய செலவு. காலை அழுத்தி ஊத ஊத, பெரிய எஞ்சின் சாப்பிடுவதையே இதுவும் சாப்பிட்டுவிடும்.

ஜப்பானில் மாஸ்டா கம்பெனி மேலும் கீழும் போகும் பிஸ்டனே வேண்டாமென்று, முக்கோண இரும்பு ஒன்று சுழலும் ரோட்டரி எஞ்சினைப் பல வருஷங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தது. வழவழவென்று ஓடும், அளவில் சிறியது, பெட்ரோலில் மட்டும் அநியாயம். காரணம் சமையலறையில் இருக்கிறது. இட்லியையும் தோசையையும் ஒரே சமயத்தில் இறக்கி வையுங்கள். எது முதலில் ஆறும்? தோசைதான். பரப்பு அதிகம். ரோட்டரியில் பெட்ரோல் எரியும் இடம் தோசைபோல் நீண்டு தட்டையாக இருப்பதால், சூடு வேலைக்குப் போகாமல் இரும்புச் சுவரில் போய்விடுகிறது. அந்த எஞ்சினோடு வந்த ஆர்எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012-இல் நின்றது.

இவ்வளவு வித்தைகளையும் பார்த்த பிறகு எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், வித்தையே இல்லாத வித்தையைத்தான் சொல்வேன். காரின் எடையைக் குறை. எஞ்சினைச் சின்னதாக வை. அவ்வளவுதான். இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி 1996-இல் எலீஸ் என்ற காரை வெளியிட்டது. எடை சுமார் 725 கிலோ, எஞ்சின் 1.8 லிட்டர், 118 குதிரைச் சக்தி. தன்னைவிட இரண்டு மடங்கு எஞ்சின் உள்ள கார்களை வளைவுகளில் அது ஓட ஓட விரட்டியது. பாரம் குறைந்தால் அடுப்பும் சிறியதாக இருந்தால் போதும். சிறிய அடுப்பு எப்போதும் நிறைந்த வேலை செய்யும். நிறைந்த வேலை செய்தால் ரூபாய்க்குப் பைசா கூடுதலாகத் திரும்பும்.

நம் தேசத்திலும் இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் கோவாவில் ஸான் ஸ்டார்ம் என்றொரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் தயாராயிற்று. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 1,149 சி.சி. ரெனோ எஞ்சின், 60 குதிரைச் சக்தி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாங்க ஆள் அதிகம் வரவில்லை. அதற்கும் முன்பே நம் கோயம்புத்தூரில் கரிவர்தன் ஒரு காரியம் செய்தார். சோழவரம் பழைய விமான மைதானத்தில் கார்ப் பந்தயங்கள் அமர்க்களப்பட்ட நாளில், வெளிநாட்டு எஞ்சின் வைத்தவர்களே ஜெயிக்கும் விளையாட்டாக அது இருந்தது. கரிவர்தனோ, காய்கறி வாங்கப் போகிற மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்து, லேசான சட்டத்தில் முதுகுப் பக்கம் வைத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் காராக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். பணக்காரன், ஏழை வித்தியாசம் குறைந்தது. ஓட்டுகிறவன் கெட்டிக்காரத்தனம் வெளியே வந்தது. அந்தக் காரில் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தயச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காற்றின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எந்த எஞ்சினாலும் ஏமாற்ற முடியாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது காற்று ஒரு பங்கு எதிர்த்தால், 120-இல் இரண்டேகால் பங்கு எதிர்க்கும். மரக்காணத்துப் பக்கம் திறந்த வெளி. கடற்காற்று எதிரே அடித்தால் அந்த வேகமும் கணக்கில் சேரும். தவிர, உப்புக் கூடையோடு சாலையைக் கடக்கிறவர்களுக்கு எதிரே வருகிற காரில் எத்தனை சிலிண்டர் என்று தெரியாது. அந்த இடத்தில் நானூறு குதிரையில் முந்நூற்றெண்பதைக் கட்டிப்போடுவது பெட்ரோலுக்காக மட்டும் அல்ல.

உப்பளத்து எஞ்சினை நான் தெய்வமாக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் கோட்டை அடுப்பு ஆசை உண்டு. ஐந்து குதிரை போதுமான இடத்தில், "இருக்கட்டும், பெரிசாகவே வாங்கி வைப்போம்" என்று பத்துக் குதிரை எஞ்சினைக் கொண்டு வந்து வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டுப் பம்ப் செட்டுகளில் டீசல் வீணாவதற்குப் பொருந்தாத எஞ்சின் ஒரு காரணம்; நுனியில் அடைத்துக்கொண்ட ஃபுட் வால்வும், தேவையில்லாமல் வளைத்து வளைத்துப் போட்ட மெல்லிய குழாயும் மற்றக் காரணங்கள். நசுக்கிய உறிஞ்சு குழாய்தான், மறுபடியும்! குழாயைக் கொஞ்சம் அகலமாக, நேராகப் போட்டாலே டீசல் மிச்சமாகும். காருக்குப் பெட்ரோல் போடுகிறவர் பில்லைக் கசக்கி எறிந்துவிட்டுப் போகலாம். உப்புக்காரருக்கு அப்படி இல்லை. கிலோவுக்குச் சில ரூபாய் விலையுள்ள சரக்கு. டீசல் விலை ஏறினால் அதைத் தூக்கி உப்பின் மேல் வைக்க முடியாது. மிச்சமாகிற ஒவ்வொரு லிட்டரும் கூலியாகவோ அரிசியாகவோ ஆகும்.

பெட்ரோல் எஞ்சினையே எடுத்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2008-இல் டெஸ்லா கம்பெனி தன் முதல் காரான ரோட்ஸ்டரை, மேலே சொன்ன லோட்டஸ் எலீஸின் சட்டத்தைத் தழுவித்தான் செய்தது. மின்சார மோட்டாருக்கு நசுங்கிய குழாய்த் தொல்லையே இல்லை. சிறிய வேலைக்குச் சிறிய மின்சாரம்; சிக்னலில் நின்றால் சும்மா நிற்கும். உமணர்களின் சேம அச்சு கடைசியில் சரியாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் பாட்டரியின் பாரம் ஏறி, 725 கிலோ எலீஸ் குடும்பம் 1,200 கிலோவைத் தாண்டிப் பருத்துவிட்டது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது.

உப்பளத்தில் அந்தப் பாரக் கவலை இல்லை. பம்ப் எங்கேயும் ஓடப் போவதில்லை. குஜராத்தில் சின்ன ரண் பாலைவனத்தில் உப்பு விளைக்கும் குடும்பங்களுக்கு வருமானத்தில் பெரும் பங்கு டீசலுக்கே போய்க்கொண்டிருந்தது. இலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கமான 'சேவா', அங்கே சூரிய சக்தி பம்புகளைக் கொண்டு போய்ச் சேர்த்தது. கடனை அடைத்த பிறகு டீசல் செலவு அந்தப் பெண்கள் கையிலேயே தங்குகிறது. பாட்டரிகூட அவசியமில்லை. வெயில் ஏற ஏறப் பாத்தியில் தண்ணீர் வற்றும்; வெயில் ஏற ஏறப் பம்பும் அதிகம் இறைக்கும். மேகம் மூடினால் பம்ப் நின்றுவிடும்; அன்றைக்கு உப்பும் விளையாது.